உங்கள் ஊர் பால்வாடியின் தரத்தை அளப்பது எப்படி, சரிசெய்ய வைப்பது எப்படி: பெற்றோருக்கான வழிகாட்டி

என் மகள் போகும் அங்கன்வாடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், நடக்காததை நடக்க வைக்கவும் நாங்கள் நாலைந்து பெற்றோர் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். யாரிடம் எதைக் கேட்பது, எந்தத் தாளில் கேட்பது என்று எங்கேயும் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் "அது பஞ்சாயத்து வேலை" என்றார்கள், பஞ்சாயத்தில் "அது ஐ.சி.டி.எஸ். வேலை" என்றார்கள், அதாவது அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வேலை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கானது. மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உங்களுடையது எப்படிப்பட்டதாக இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மனு, அப்புறம் அளவு என்று போனால் மனு நிற்காது.

1. யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்

மையத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர்: அங்கன்வாடி பணியாளர், அதாவது நாம் டீச்சர் என்று கூப்பிடுபவர், உதவியாளர், நாம் ஆயா என்பவர். அவர்களுக்கு மேல் மேற்பார்வையாளர். அவருக்கு மேல் வட்டார அளவில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். எல்லோரும் அவரை சி.டி.பி.ஓ. என்றுதான் சொல்வார்கள். மாவட்டத்தில் மாவட்டத் திட்ட அலுவலர். துறை, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை.

பாடம், உணவு, எடை, பணியாளர் இந்த நான்கும் மேலே சொன்னவர்களின் பொறுப்பு. கூரை ஒழுகுவது, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்றால் கிராமத்தில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. உடல்நலப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வர வேண்டும். கட்டடம் வாடகைக் கட்டடமா, சொந்தக் கட்டடமா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டடத்துக்கு ஊராட்சி செலவு செய்யாது.

ஒரு குழப்பமான வகையும் உண்டு. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் மையம் அதில் ஒன்று என்றால் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறை, சாப்பாடு சமூக நலத் துறை. மனுவில் எதற்கு யார் என்று பிரித்து எழுதவில்லை என்றால் இரண்டு துறைக்கும் நடுவே அது பந்தாகிவிடும்.

2. குழந்தையின் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்

தேவையானவை: பிறப்புச் சான்றிதழ், தாய் சேய் நல அட்டை, தாயின் ஆதார் நகல், ஒரு கைப்பேசி எண். இதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது. குழந்தைக்கு ஆதார் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாயின் ஆதார் போதும் என்று மத்திய அமைச்சகமே 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

டீச்சர் தன் கைப்பேசியில் வருகை, எடை எல்லாம் ஏற்றும் போஷன் டிராக்கர் செயலியில் குழந்தையின் பிறந்த தேதி என்னவென்று போட்டிருக்கிறது என்று டீச்சரிடம் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மாதம் ஒன்று முன்னே பின்னே இருந்தாலும் போதும், ஊட்டச்சத்துக் கணக்கு தப்பாகிவிடும். ஏன் என்பது நான்காவது படியில் வருகிறது.

3. நேரத்தை அளங்கள்

எனக்குத் தெரிந்தவரை தரத்தின் முதல் அளவுகோல் இதுதான். சுவர் ஓவியமும் பொம்மை அலமாரியும் கண்ணில் படுவதால் எல்லோரும் அவற்றையே பார்க்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஒரு பெரியவர் குழந்தைகளோடு உட்கார்ந்து பாடி, பேசி, கதை சொல்லி, விளையாட வைக்கிறார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

2023இல் வந்த "போஷன் பி படாய் பி" (ஊட்டச்சத்தோடு படிப்பும்) என்ற மத்திய அரசுத் திட்டப்படி தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது?

சி.டி.பி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, மையத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். "ஆய்வு" என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லைப் பார்த்தாலே கோப்பு மேலிடத்துக்குப் போய்விடும். "பெற்றோராகக் கலந்துகொண்டு பார்க்க" என்று எழுதினால் போதும். நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்திலேயே குழந்தைகளைப் படம் எடுக்க மாட்டோம் என்று உறுதி சொல்லுங்கள், எடுக்கவும் வேண்டாம்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்:

- டீச்சரோ ஆயாவோ சேர்ந்து நடத்தும் பாட்டு, கதை, விளையாட்டு, பேச்சு
- குழந்தைகள் தாங்களாக விளையாடுவது
- சும்மா உட்கார்ந்திருப்பது, காத்திருப்பது
- சாப்பாடு, தூக்கம், கழிப்பறை

காலை 9.30 முதல் 12.30 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தி, அந்த நொடியில் பெரும்பாலான குழந்தைகள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்களோ அதில் ஒரு கோடு போடுங்கள். மொத்தம் 18 கோடு வரும். முதல் கட்டத்தில் 4 கோடு என்றால் அன்றைக்கு 40 நிமிடம்தான் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் என்றால் 12 கோடு வர வேண்டும்.

பக்கத்தில் இன்னொரு வரிசை: அதே நொடியில் டீச்சர் என்ன செய்கிறார். இதுதான் கண்ணைத் திறக்கும் வரிசை. நாங்கள் உட்கார்ந்த ஒரு நாளில் "யானை வருது யானை வருது" என்று பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு டீச்சர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே சிக்னல் கிடைக்காது, செயலியில் வருகையை ஏற்ற வேண்டும். பிள்ளைகள் துதிக்கையாகத் தூக்கிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு கர்ப்பிணி சத்துமாவு வாங்க வந்தார். அப்புறம் வாக்காளர் பட்டியல் விஷயமாக ஒருவர் வந்தார், பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் இவர்கள் தலையில்தான். ஆயா அடுப்படியில் இருந்தார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு காலை வேளை, ஆனால் பாட்டு முடியவே இல்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு அரை நேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கல்விக்கான நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துக் கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள், வளர்ச்சி குன்றியவர்களும் குறைவு. கட்டடத்தையோ பாடத்தையோ மாற்றவில்லை. ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான்.

இந்தப் படியில் கவனிக்க வேண்டியவை: சத்துமாவு கொடுக்கும் நாள், தடுப்பூசி நாள், கூட்ட நாள் ஆகியவற்றைத் தவிர்த்துப் பாருங்கள். ஒரு நாள் போதாது. புது ஆள் உட்கார்ந்திருந்தால் முதல் நாள் எல்லாப் பாட்டும் பாடிக் காட்டுவார்கள், இரண்டாவது நாளிலிருந்துதான் வழக்கமான நாள் தெரியும். முடிந்தால் இரண்டு பெற்றோர் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கோடு போடுங்கள். இருவர் கணக்கும் பெரிதாக வேறுபட்டால் கட்டங்களுக்கு நீங்கள் வைத்துக்கொண்ட பொருள் வேறு வேறு என்று அர்த்தம்; பேசி ஒத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

4. எடையும் உயரமும் சரியாக எடுக்கிறார்களா

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். ஆனால் "எங்க சென்டர்ல எல்லாக் குழந்தையும் நார்மல்" என்று சொல்லும் மையங்களையும் பார்க்கலாம். உண்மையாகவே இருக்கலாம், அளவு தப்பாகவும் இருக்கலாம்.

முதலில் தராசு. மளிகைக் கடையில், தொழிலாளர் துறை முத்திரையிட்ட தராசில் 5 கிலோ அரிசியைப் பையோடு எடைபோட்டு, அதை அப்படியே கொண்டுபோய் மையத்துத் தராசில் வையுங்கள். வித்தியாசம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். செலவு இல்லை, அரிசி வீட்டுக்குத்தான் வரும்.

அப்புறம் முறை. எடை போடும்போது செருப்பு, தடித்த உடை, கொலுசு, அரைஞாணில் கோத்த கனமான தாயத்து இருக்கக் கூடாது. உயரம் எடுக்கும்போது குதிகாலும் பின்தலையும் பலகையில் ஒட்ட வேண்டும், உச்சிக் குடுமியை அவிழ்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும்.

பிறந்த தேதி ஏன் முக்கியம் என்றேன் அல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி சரியாக மூன்று வயது முடிந்த பையன் 11.3 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, பெண் குழந்தை என்றால் 10.8 கிலோ. ஓரத்தில் நிற்கும் குழந்தையின் வயதில் ஒரு மாதம் தவறினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு நாடாவும் உண்டு. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். சிவப்பு வந்தால் மனுவெல்லாம் அப்புறம், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 2022இல் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தில் தனி உணவு கிடைக்கும். பட்டியலில் பெயர் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. சாப்பாடு

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இது ஓரளவு நன்றாகவே நடக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன்படி 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று கணக்கு உண்டு. இங்கே வாரத்துக்கு மூன்று முட்டை. முட்டை போடும் நாளில் தட்டிலிருக்கும் முட்டையை எண்ணுங்கள், வந்திருக்கும் தலைகளை எண்ணுங்கள், பதிவேட்டில் அன்றைய வருகையைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அடுத்த படிக்குப் போகலாம்.

6. வகுப்பறையைப் பாருங்கள், ஆனால் பள்ளிக்கூடமாகப் பார்க்காதீர்கள்

இங்கே உள்ள பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா". மூன்று வயதுப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் இல்லையே என்று டீச்சரை நெருக்குவது பெற்றோராகிய நாம்தான். பக்கத்து நர்சரியில் ஏ.பி.சி.டி. எழுதுகிறார்கள் என்றதும் இங்கேயும் சிலேட்டைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பார்க்கப் படிப்பு மாதிரி இருக்கும், கோடு போடும் கணக்கில் அது பாதி நேரம் காத்திருத்தல் கட்டத்தில்தான் விழும்.

நான் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான். பொம்மைகள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டி இருக்கின்றனவா? டீச்சர் கேட்கும் கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து கத்தும் பதில்தான் வருகிறதா, ஒரு குழந்தையாவது தன் சொந்த வாக்கியத்தில் பேசுகிறதா? சுவரில் ஒட்டிய படங்கள் குழந்தைகள் வரைந்தவையா? பேசாத, ஒதுங்கி நிற்கும் குழந்தையிடம் யாராவது போகிறார்களா? 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் உள்ளிடமும், 3 வயதுக்கு மேல் 20 பிள்ளைக்கு ஒரு பெரியவரும் வேண்டும் என்பது தேசிய அளவிலான தர நிர்ணயம். டேப்பை நீட்டி அறையை அளந்துவிடலாம்.

முறையான அளவுகோல் வேண்டும் என்பவர்களுக்கு: எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், முன்பருவ வகுப்பறையின் தரத்துக்கு மதிப்பெண் போடும் ஒரு வெளிநாட்டு அளவுகோலைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு மாற்றி டெசெர்ஸ் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பயிற்சி இல்லாமல் அதில் மதிப்பெண் போடுவது சிரமம். பெற்றோருக்கு மேலே சொன்ன கேள்விகளே போதும்.

7. முதலில் டீச்சரிடம் காட்டுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் எழுதுங்கள். அதை டீச்சருக்குத் தெரியாமல் மேலே கொண்டுபோனால், நாளைக்கு உங்கள் பிள்ளையை அங்கே விடும்போது முகம் கொடுத்துப் பேச முடியாது. மாறாக, "அக்கா, இந்த இரண்டு மணி நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல யோசனைகள் எல்லாம் டீச்சர் சொன்னவை: சத்துமாவு வாங்க மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லி வாசலில் எழுதிப் போட்டது, வருகைப் பதிவைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளியது. காசு செலவில்லை, எட்டு கோடு பத்தாயிற்று.

டீச்சர் வேறொரு மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியென்றால் அவரைக் குறை சொல்லி எழுதும் மனுவால் பயனில்லை, காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லும் மனுதான் வேண்டும். 2025 ஏப்ரலில் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. காலியிடம் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு அந்த எண்ணே போதும்.

8. மனு: எங்கே, எப்போது, எவ்வளவு

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. கூரை, டீச்சர், முட்டை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று பேர் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

பணியாளர், பாடம், தராசு என்றால் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு சி.டி.பி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். இவை எல்லாமே இலவசம். வாசலில் மனு எழுதித் தருபவர்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை, வெள்ளைத் தாளில் கையால் எழுதியது போதும்.

கட்டட வேலை என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை நடக்கிறது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கோரிக்கையை எழுத்தில் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலம் என்றால் தனி அலுவலருக்கு ஒரு நகல். இங்கேதான் பெரிய பொறி: கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்காது. வருகைக் கையெழுத்து கூட்டத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள், அதனால் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தீர்மானம் எழுதப்பட்டதா என்று நின்று படித்துவிட்டு வாருங்கள்.

கூரை வேலைக்கு ஜனவரி 26 கூட்டமே சரியான நேரம். மதிப்பீடு போட்டு அனுமதி வாங்கினால் மே மாத விடுமுறையில் வேலை நடக்க வாய்ப்புண்டு. ஆகஸ்டில் கேட்டால் ஐப்பசி மழை முந்திக்கொள்ளும்.

ஊர்ப் பணமும் சேர்த்துச் செய்ய முடியும் என்றால் "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். பாய், அலமாரி, பொம்மை மாதிரி சின்னப் பொருள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் பணமாகக் கொடுக்காதீர்கள். பொருளாகக் கொடுத்து இருப்புப் பதிவேட்டில் பெயரோடு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாத பொருளுக்குத் தணிக்கையில் டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

9. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்

செலவு: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, தபால் செலவு, அப்புறம் நகல் கேட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, சான்று இணைத்தால், கட்டணம் இல்லை. சி.டி.பி.ஓ. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் மேல் அலுவலருக்கு முதல் முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது முறையீடு. ஆணையம்வரை போனால் மாதக் கணக்கில் இழுக்கும், அதற்குள் உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும். அதனால் முதல் விண்ணப்பத்தையே சரியாக எழுதுவது முக்கியம்.

"ஏன் தராசு பழுதாக இருக்கிறது?" என்று கேட்டால் இது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "கடந்த 12 மாதங்களில் எங்கள் மையத்துக்கு மேற்பார்வையாளர் வந்த தேதிகளும் பார்வைக் குறிப்புகளின் நகலும்", "அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட பணியிடங்களின் பட்டியல்", "கற்றல் பொருட்கள் வழங்கப்பட்ட தேதிகள்" என்று இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

10. மூன்று மாதம் கழித்து மறுபடி கோடு போடுங்கள்

அதே நேரம், அதே பத்து நிமிடம், முடிந்தால் அதே ஆட்கள். ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து அழுதுகொண்டிருக்கும் மாதத்தை விட்டுவிடுங்கள், கணக்கு கெட்டுவிடும். எண்ணிக்கை ஏறியிருந்தால் அந்தத் தாளின் ஒரு நகலை டீச்சரிடமும் ஒன்றை மேற்பார்வையாளரிடமும் கொடுங்கள். அவர்களுக்கு மேலிடத்தில் காட்ட ஒரு தாள் கிடைக்கும், அடுத்த மனுவுக்கு உங்களுக்கு ஒரு ஆள் கிடைப்பார். ஏறவில்லை என்றால் டீச்சர் வரிசையை மட்டும் தனியாக எடுத்து, எந்த வேலை அதிக நேரம் தின்றிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த மனு அந்த ஒரு வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்.